அந்த நாலெழுத்துச் சொல்: வாசகர் கேள்வி பதில்

ஆங்கிலத்தின் பிரபலமான அந்தக் கெட்ட வார்த்தையைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். சொல்லை நேராக எழுதாமல் அதன் வரலாற்றைச் சொல்ல வழியில்லை. புள்ளி வைத்தோ நட்சத்திரம் போட்டோ மறைத்தால் விளக்கமும் சேர்ந்து மறைந்துபோகும். விருப்பமில்லாதவர்கள் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகலாம்.

கேள்வி: 'ஃபக்' என்பது தனிச் சொல்லே இல்லையாம். அரசன் அனுமதி பெற்ற தம்பதிகள் வீட்டு வாசலில் தொங்கவிட்ட பலகையின் முதலெழுத்துகள்தான் அது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

துளியும் உண்மையில்லை. நீங்கள் படித்தது 'ஃபார்னிகேஷன் அண்டர் கன்சென்ட் ஆஃப் தி கிங்' என்ற கதை. இதற்கு ஒரு தம்பியும் உண்டு: 'ஃபார் அன்லாஃபுல் கார்னல் நாலெட்ஜ்'. முறைகேடான உறவில் பிடிபட்டவர்களின் தலைக்கு மேல் எழுதி வைத்த குற்றச்சாட்டின் சுருக்கம் என்பார்கள். இரண்டுமே பிற்காலத்தில் கட்டிய கதைகள்.

ஏன் என்று பார்ப்போம். முதலெழுத்துகளைக் கோத்து ஒரே சொல்லாக வாய்விட்டு உச்சரிக்கும் பழக்கம் ஆங்கிலத்தில் பரவலானது 20-ஆம் நூற்றாண்டில்தான். ரேடார், லேசர் எல்லாம் அந்த வகை. நம் சொல்லோ 500 ஆண்டுகளுக்கும் மேலாக எழுத்தில் இருக்கிறது. அதைவிட வலுவான காரணம் அதன் உறவுக்காரர்கள். டச்சு, நார்வேஜிய, ஸ்வீடிய மொழிகளில் இதே வடிவமும் நெருங்கிய பொருளும் உள்ள சொற்கள் இருக்கின்றன. இங்கிலாந்து அரசன் தன் ஊரில் பலகை மாட்டியதால் நார்வே கிராமத்து வழக்கில் ஒரு வினைச்சொல் முளைக்குமா?

நடந்தது தலைகீழ். இந்தச் சொல்லிலிருந்துதான் சுருக்கெழுத்துகள் பிறந்தன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் உருவாக்கிய 'ஸ்னாஃபூ' என்பதன் விரிவு 'சிச்சுவேஷன் நார்மல், ஆல் ஃபக்ட் அப்'. அதாவது, எப்போதும் போல எல்லாம் குளறுபடி.

1415 அஜின்கோர்ட் போரில் ஆங்கில வில்லாளிகள் பிரெஞ்சுக்காரர்களிடம் விரலைக் காட்டி 'பிளக் யூ' (யூ மரத்து வில்லை இழுப்போம்) என்று கத்தியதுதான் திரிந்து இப்படி ஆனது என்ற கதையையும் சிலர் எழுதியிருக்கிறார்கள். அதையும் ஒதுக்கிவிடுங்கள். ஆங்கிலத்தில் 'பிள' என்ற தொடக்கம் 'ஃப' என்று திரிந்ததே கிடையாது.

கேள்வி: அப்படியானால் அதன் வேர் எது? லத்தீனிலும் இதே பொருளில் ஃப-வில் தொடங்கும் சொல் உண்டே, அதுவா?

வேர் ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் இருக்கிறது. டச்சு மொழியின் 'ஃபொக்கன்' இன்று கால்நடைகளை இனப்பெருக்கம் செய்து வளர்ப்பதைக் குறிக்கும் சாதாரணச் சொல். மாட்டுப் பண்ணைக்காரர் கூச்சமில்லாமல் சொல்வார். நார்வே வட்டார வழக்கின் 'ஃபுக்கா' உடலுறவைக் குறிக்கும். ஸ்வீடிய வட்டார வழக்கின் 'ஃபொக்கா'வுக்கு அடி, தள்ளு, புணர் என்று மூன்று பொருளும் உண்டு. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், அடித்தல் அல்லது முன்னும் பின்னும் இயங்குதல் என்பதே பழைய பொருளாக இருக்கும் என்று மொழியியலாளர்கள் கருதுகிறார்கள். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வல்லூறு இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு பறவைக்கு ஆங்கிலத்தில் 'விண்ட்ஃபக்கர்' என்று பெயர் இருந்தது. காற்றை எதிர்த்துச் சிறகடித்தபடி ஒரே இடத்தில் நிற்கும் பறவை அது. காற்றை அடிப்பது என்ற பொருள் அங்கே அப்படியே தங்கியிருக்கிறது.

லத்தீனின் 'ஃபுடுவேரே' உறவு இல்லை. முதல் ஒலி ஒன்றாக இருப்பதே அதற்கு எதிரான சாட்சி. லத்தீனில் 'ப' (p) ஒலியில் தொடங்கும் பழஞ்சொற்கள் ஆங்கிலத்தில் 'ஃப' ஒலியில் வரும்: பாட்டர் என்பது ஃபாதர், பிஸ்கிஸ் என்பது ஃபிஷ். லத்தீனில் 'ஃப' என்று தொடங்கினால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் b ஒலி வரும்: ஃப்ராட்டர் என்பது பிரதர். இந்த ஒலிமாற்றத்துக்கு கிரிம் விதி என்று பெயர். எனவே லத்தீன் சொல் இதன் உடன்பிறப்பாக இருந்திருந்தால் ஆங்கிலத்தில் வேறு ஒலியில் வந்திருக்க வேண்டும். பிரெஞ்சின் 'ஃபூத்ர' அந்த லத்தீன் சொல்லின் வாரிசு. ஆங்கிலச் சொல் அல்ல.

கேள்வி: எழுத்தில் முதன்முதலாக எங்கே வருகிறது?

சந்தேகமில்லாத முதல் பாலியல் பொருள் வேண்டுமென்றால் 1500-க்குச் சற்று முந்திய ஒரு கவிதை. பாலியல் பொருளாகத் தோன்றும் முதல் தடயம் வேண்டுமென்றால் 1310.

அந்த 1310 தடயம் ஒரு மனிதரின் பெயர். இங்கிலாந்தின் செஸ்டர் கவுண்டி நீதிமன்றப் பதிவேட்டில் 'ரோஜர் ஃபக்பைதநேவல்' என்று ஒருவரை மூன்று முறை அழைத்திருக்கிறார்கள். கடைசிப் பதிவு 1311 செப்டம்பரில். அதில் அவர் சட்டத்துக்குப் புறம்பானவராக அறிவிக்கப்படுகிறார். தொப்புளோடு கூடுபவன் என்று பொருள்படும் பட்டப்பெயர் அது. விவரம் தெரியாத ஆள் என்று ஊரார் வைத்த கேலிப்பெயராக இருக்கலாம். கீல் பல்கலைக்கழக வரலாற்றாய்வாளர் பால் பூத் இதைக் கண்டெடுத்து 2015-ல் வெளியே சொன்னார்.

கவிதை இன்னும் சுவையானது. கேம்பிரிட்ஜ் கார்மலைட் துறவிகளைக் கிண்டல் செய்யும் அந்தப் பாட்டு லத்தீனும் ஆங்கிலமும் கலந்தது. நம் மணிப்பிரவாளம் மாதிரி. துறவிகள் சொர்க்கத்தில் இல்லை, ஏனென்றால் அவர்கள் ஈலி ஊர் மனைவிமாரை… என்று வரும் இடத்தில் எழுதியவர் சங்கேதத்துக்கு மாறிவிடுகிறார். ஏட்டில் உள்ள எழுத்துகள் ஜி, எக்ஸ், டி, டி, பி, ஓ, வி (g x d d b o v). ஒவ்வொன்றுக்கும் அகரவரிசையில் முந்திய எழுத்தைப் போடுங்கள். ஜி-க்கு எஃப். எக்ஸுக்கு யு; அந்தக் காலத்தில் யு-வும் வி-யும் ஒரே எழுத்து, டபிள்யூ தனி எழுத்தே இல்லை, அதனால் எக்ஸுக்கு முன்னால் நிற்பது அதுதான். இரண்டு டி-க்கும் இரண்டு சி. பி-க்கு ஏ. ஓ-வுக்கு என். வி-க்கு டி (t). கூட்டினால் 'ஃபக்கன்ட்'. ஆங்கில வேர், அதன் வாலில் 'அவர்கள் செய்கிறார்கள்' என்று பொருள் தரும் லத்தீன் விகுதி. மறைக்க வேண்டிய சொல் என்று அன்றைக்கே நினைத்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆனால் 1528-ல் வேறொரு ஏடு வேறொரு செய்தி சொல்கிறது. பண்டைய ரோம அறிஞர் சிசரோவின் நூல் ஒன்றின் பிரதியில், ஓரத்தில், தன் மடத்தலைவர் மேல் ஆத்திரம் கொண்ட யாரோ கிறுக்கியிருக்கிறார்: 'ஓ டி ஃபக்கின் ஆபட்'. அந்த ஒற்றை எழுத்து 'டி'யைக் கவனியுங்கள். 'டாம்ட்' என்பதன் சுருக்கமாக அதைப் படிக்கிறார்கள். நரகத்துக்குப் போக என்று சபிக்கும் சொல். அதை முழுதாக எழுதப் பயந்தவர் அடுத்த சொல்லை எல்லா எழுத்தோடும் எழுதிவிட்டார். அந்தக் காலத்தில் கடவுளையும் நரகத்தையும் இழுத்துச் சபிப்பதுதான் பெரும் பாவம். உடலுறுப்பும் உடல்செயலும் அதற்கு அடுத்த படி. பிற்பாடு இந்த வரிசை புரண்டது. இன்று 'டாம்' என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கேள்வி: பழைய அகராதிகளில் தேடினால் கிடைப்பதில்லையே?

எந்த ஆண்டு அகராதி என்பதைப் பொறுத்தது. 1598-ல் ஜான் ஃப்ளோரியோ தன் இத்தாலிய-ஆங்கில அகராதியில் ஓர் இத்தாலிய வினைக்குப் பொருளாக ஐந்து ஆங்கிலச் சொற்களைத் தயக்கமின்றி அடுக்கினார். அதில் இதுவும் ஒன்று. 1721-ல் நேதன் பெய்லி சொல்லைச் சேர்த்தார், ஆனால் விளக்கத்தை லத்தீனில் எழுதினார். படித்த ஆண்களுக்கு மட்டும் புரியட்டும் என்ற ஏற்பாடு. 1755-ல் சாமுவேல் ஜான்சன் சேர்க்கவே இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் முடிவிலிருந்து 1965 வரை எந்தப் பொது ஆங்கில அகராதியிலும் இதற்கு இடமில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி எஃப் பகுதியை வெளியிட்டபோது விட்டுவிட்டு, 1972 பிற்சேர்க்கையில்தான் ஏற்றுக்கொண்டது. மக்கள் வாயில் நாள்தோறும் புழங்கிய சொல் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அகராதியில் இல்லை. அகராதி செய்பவர் சொல்லைப் பதிவு செய்ய வேண்டுமே தவிர, சொல்லுக்கு நற்சான்று கொடுக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

மாற்றத்தைத் தொடங்கி வைத்தது ஒரு வழக்கு. 1960-ல் லண்டனில் 'லேடி சாட்டர்லீஸ் லவர்' நாவலை வெளியிட்டதற்காக பெங்குவின் நிறுவனத்தின் மீது ஆபாச வழக்கு. இந்தச் சொல் 30 முறைக்குக் குறையாமல் வருகிறது என்று அரசு வழக்கறிஞர் நடுவர் குழு முன் கணக்கே சொன்னார். நடுவர்கள் குற்றமில்லை என்று தீர்ப்பளித்தார்கள்.

கேள்வி: 'ஃபக் யூ' என்பது ஏவல் வாக்கியம்தானே? 'யூ' எப்படிக் கடைசியில் வருகிறது?

நல்ல கேள்வி. இதையே 1960களில் அமெரிக்க மொழியியலாளர் ஜேம்ஸ் மெக்காலி, குவாங் ஃபுக் டாங் என்ற புனைபெயரில் ஒரு கட்டுரையாக எழுதினார். ஏவல் வாக்கியத்தில் செய்பவரும் செயப்படுபொருளும் ஒரே ஆளாக இருந்தால் ஆங்கிலம் 'யுவர்செல்ஃப்' கேட்கும். 'வாஷ் யூ' என்று யாரும் சொல்வதில்லை, 'வாஷ் யுவர்செல்ஃப்'தான். ஆகவே 'ஃபக் யூ' ஏவல் அல்ல. 'கோ ஃபக் யுவர்செல்ஃப்' என்பதுதான் ஏவல். சோதித்துப் பார்க்கலாம். 'பிளீஸ்' சேருங்கள், 'டுமாரோ' சேருங்கள், 'டோன்ட்' சேருங்கள், எதுவும் ஒட்டாது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது எளிது. வியங்கோளுக்கு வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்று நான்கு பொருள் உண்டல்லவா? 'ஒழிக' என்பது யாரையும் வேலை ஏவவில்லை, வைகிறது. 'ஃபக் யூ' அந்த வைதல் வகை.

கேள்வி: ஒரு சொல்லின் நடுவிலேயே 'ஃபக்கிங்' செருகிப் பேசுகிறார்களே, அதற்கு விதி உண்டா?

உண்டு, கண்டிப்பான விதி. அழுத்தம் விழும் அசைக்கு நேர் முன்னால் செருக வேண்டும். 'ஃபன்டாஸ்டிக்' என்பதில் அழுத்தம் 'டாஸ்' மேல், ஆகவே 'ஃபன்-ஃபக்கிங்-டாஸ்டிக்'. 'ஃபன்டாஸ்-ஃபக்கிங்-டிக்' என்று ஆங்கிலம் தாய்மொழியான குழந்தைகூடச் சொல்லாது. 'அப்சோ-ஃபக்கிங்-லூட்லி', 'கலி-ஃபக்கிங்-ஃபோர்னியா' இரண்டும் அதே விதி. 'லண்டன்' போல முதல் அசையிலேயே அழுத்தம் விழுந்து அடுத்த அசை மெலிந்துபோனால் நடுவில் செருக இடமில்லை. 'ஃபக்கிங் லண்டன்' என்று முன்னால்தான் வைக்க முடியும். 'அன்பிலீவபிள்' மட்டும் இரண்டு இடத்தில் பிளக்கும், ஏனென்றால் 'அன்' தனி முன்னொட்டு. மொழியியலாளர் ஜான் மெக்கார்த்தி 1982-ல் இதை விரிவாக ஆராய்ந்தார். ஆங்கிலத்தில் சொல்லின் நடுவில் புகும் ஒட்டு அநேகமாக வேறு கிடையாது. எந்தப் பள்ளியும் கற்றுத்தராத விதியை எல்லோரும் தவறாமல் கடைப்பிடிக்கிறார்கள். இலக்கணம் காதில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டு எங்களுக்குத் தெரியாது.

கேள்வி: சப்டைட்டில் எழுதுகிறேன். இந்தச் சொல் வரும் இடமெல்லாம் ஒரே தமிழ் வசவைப் போடுகிறோம். சரியா?

சரியில்லை. முதலில், ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு சொல்லைப் பாருங்கள். பொருள் அதில்தான் இருக்கிறது. 'அப்' வந்தால் சொதப்பிவிட்டான் அல்லது கெடுத்துவிட்டான். 'ஓவர்' வந்தால் ஏமாற்றி மோசம் செய்துவிட்டான். 'ஆஃப்' என்றால் ஓடிப்போ. 'வித்' என்றால் சீண்டாதே, விளையாடாதே. 'அரவுண்ட்' என்றால் வெட்டியாகப் பொழுது போக்குவது. 'ஃபக் ஆல்' பிரிட்டிஷ் வழக்கு, ஒன்றுமே இல்லை என்று பொருள். 'டோன்ட் கிவ் எ ஃபக்' என்றால் எனக்கென்ன வந்தது. 'வி ஆர் ஃபக்ட்' என்றால் தொலைந்தோம். இவற்றில் எதிலும் உடலுறவு இல்லை. உடலுறவைச் சொல்லும் தமிழ் வசவைப் போட்டால் நண்பர்கள் இருவர் சிரித்துப் பேசும் காட்சி கொலைவெறியாக மாறிவிடும்.

'ஃபக்கிங்' பெயரடைக்கு முன் வந்தால் அழுத்தம் மட்டும்தான். 'ஃபக்கிங் பிரில்லியண்ட்' பாராட்டு. 'செம', 'பிரமாதம்டா' போதும். தனியாக வந்தால் முகத்தைப் பார்த்து எழுதுங்கள். சாவியைத் தொலைத்தவன் சொன்னால் 'ச்சே', விபத்தைப் பார்த்தவன் சொன்னால் 'ஐயோ'. வசவின் முழுக் கனத்தை ஓர் ஆள் இன்னொருவர் முகத்துக்கு நேராக, சிரிக்காமல் சொல்லும் இடத்துக்குச் சேமித்து வையுங்கள். எல்லா இடத்திலும் இறைத்தால் அந்த இடத்தில் கையில் ஒன்றும் மிஞ்சாது.

இன்னொரு எச்சரிக்கை. அமெரிக்கத் தரச்சான்றில் இந்தச் சொல் வசவாக ஒரே ஒரு முறை வந்தால் பிஜி-13 (13 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் கவனம் தேவை) கிடைக்கலாம். ஒன்றுக்கு மேல் வந்தாலோ, உடலுறவுப் பொருளில் ஒரு முறை வந்தாலோ வழக்கமாக ஆர் (17 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம்) சான்றிதழ். அதனால் பிஜி-13 படத்தில் அந்த ஒற்றை வசவை எங்கே வைப்பது என்று யோசித்துத்தான் வைத்திருப்பார்கள். அந்த வரியை மழுப்பிவிடாதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டு சகாக்கள் கூட்டங்களில் சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்கள். நாமும் சொல்லலாமா?

அவர்கள் எதை நோக்கிச் சொல்கிறார்கள் என்று முதலில் கவனியுங்கள். பழுதான கணினியை, தள்ளிப்போன தேதியை, தன் தவறைத் திட்டுவது ஒன்று. ஆளைத் திட்டுவது வேறு. சிரிப்போடு வரும் முதல் வகையைக் கேட்டுப் பழகியவர்கள் அதே துணிச்சலில் இரண்டாம் வகைக்குள் காலை வைத்துவிடுகிறார்கள். 'திஸ் ஃபக்கிங் பிரிண்டர்' என்பதற்குச் சிரிக்கிற அறை, 'யூ ஃபக்கிங் இடியட்' என்றதும் உறைந்துபோகும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வசவுச் சொற்கள் தாய்மொழியில் கனமாகவும், பிற்பாடு கற்ற மொழியில் லேசாகவும் தோன்றும். பன்மொழி பேசுபவர்களிடம் ஜான்-மார்க் டெவேல் செய்து 2004-ல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது. தமிழில் அதற்கு இணையான சொல்லை மேலதிகாரி முன் நினைத்துப் பார்க்கவே நாக்கு கூசும். ஆங்கிலத்தில் சொல்லும்போது அந்தக் கூச்சம் வருவதில்லை, ஏனென்றால் அதைச் சொன்னதற்காகச் சின்ன வயதில் யாரும் நம்மை அடித்ததில்லை. கேட்பவருக்கு அது தாய்மொழி. உங்கள் நாக்கு உணராத கனத்தை அவர் காது உணரும். எனவே புதிய இடத்தில் முதலில் சொல்லும் ஆளாக இருக்காதீர்கள். எழுத்தில், மின்னஞ்சலில், வேண்டவே வேண்டாம். குரலின் சிரிப்பு எழுத்தில் போய்ச் சேராது.

கேள்வி: இதைச் சொன்னதற்காக யாராவது சிறைக்குப் போனதுண்டா?

அணிந்ததற்காகத் தண்டனை பெற்றவர் உண்டு. 1968 ஏப்ரலில், வியட்நாம் போருக்கான கட்டாய ஆள்சேர்ப்பை எதிர்த்து 'ஃபக் தி டிராஃப்ட்' என்று எழுதிய ஜாக்கெட்டோடு ஓர் இளைஞர் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்ற வளாகத்தில் நடந்து போனார். 30 நாள் சிறைத் தண்டனை விதித்தார்கள். 1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. 'கோஹன் எதிர் கலிஃபோர்னியா' என்ற அந்த வழக்கு இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம். வாதத்தின்போது வழக்கின் விவரங்களை விரித்துரைக்க வேண்டியதில்லை என்று தலைமை நீதிபதி நாசூக்காகக் குறிப்புக் காட்டினார். வழக்கறிஞர் மெல்வில் நிம்மர் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னார். சொல்லவே முடியாத சொல் என்று வழக்கறிஞரே ஒப்புக்கொண்டுவிட்டால் வழக்கில் பாதி அங்கேயே தோற்றுவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கேள்வி: மாற்றுச் சொற்களில் எது ஆபத்தில்லாதது?

'ஃப்ரீக்கிங்' பெரும்பாலான இடங்களில் தப்பும். 'எஃபிங்' என்றால் எதை மறைக்கிறீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நம் இடக்கரடக்கல் மாதிரிதான், நாகரிகம் உண்டு, ரகசியம் இல்லை. 'ஃப்ரிகிங்' வேண்டாம்: அதற்கே தனியாகச் சுயஇன்பம் என்ற பழைய பொருள் உண்டு. 'ஃபெக்' அயர்லாந்துக்காரர்களின் மென்மையான வசவு. அவர்கள் சொன்னால் இயல்பு, நாம் சொன்னால் நடிப்பு.

கேள்வி: ஆஸ்திரியாவில் இதே பெயரில் ஊர் இருக்கிறதாமே?

இருந்தது. பெயர்ப்பலகைகள் திருடுபோவதும், படம் எடுக்க வருகிறவர்களின் தொல்லையும் தாங்காமல் 2021 ஜனவரி 1 முதல் பெயரை மாற்றிக்கொண்டார்கள். நடுவில் உள்ள இரண்டு எழுத்தை மட்டும் 'ஜி' ஆக்கினார்கள். தமிழில் எழுதினால் பழைய பெயருக்கும் புதுப் பெயருக்கும் வித்தியாசமே தெரியாது. ஊர்ப்பெயர் ஃபோக்கோ என்ற ஆளின் பெயரிலிருந்து வந்தது. ஆங்கிலச் சொல்லுக்கும் அதற்கும் ஒட்டுறவு கிடையாது.